வெள்ளானூர் சோளமும் ஏழுமலையின் குழாயும்

நான் மண் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் எஸ்தர், இருப்பது அம்பத்தூரில். போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண்கள் சிலர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஒரு புதுக் கருவி. மண்ணில் குத்தினால் கைப்பேசியில் சத்து விவரம் வந்து நிற்கிறது. மாடியில் என் கறிவேப்பிலைத் தொட்டியிலேயே குத்திக் காட்டினார்கள். "மேடம், நீங்கல்லாம் ஒரு மண்ணைப் பார்க்க எத்தனை நாள் எடுத்துக்கிட்டீங்க?" என்று ஒரு பெண் சிரித்தபடி கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இது அன்றைக்கு இருந்திருந்தால் எத்தனை சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"அதெல்லாம் சரி, குத்துற அந்தக் கம்பியை எதுல செஞ்சிருக்காங்க?" என்று கேட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் அப்படிக் கேட்டேன் என்று காபி ஆறுகிற வரை சொன்னேன். சொன்னதை எழுதியும் வைக்கச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேளாண்மை படித்தேன். பயிற்சி என்று ஊர் ஊராக அலைய விட்டார்கள். கடைசியில் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் ஓர் ஆய்வகத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். "எம் பொண்ணு மண்ணுக்கு ரத்தப் பரிசோதனை பண்றா" என்று என் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். முதல் வருடம் முழுக்க நான் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

கழுவ வைத்தவர் தணிகாசலம் சார், எங்கள் ஆய்வகத்தின் தலைமை அதிகாரி. ஆள் குள்ளம், குரல் பெரிசு. மண்ணைத் தொட்ட பிறகு எல்லோரும் கை கழுவுவோம். அவர் தொடுவதற்கு முன்னாலும் கழுவுவார். "கையில உப்பு இருக்கும்மா. நீ காலையில தின்ன இட்லிப் பொடி எல்லாம் விவசாயி கணக்குல ஏறிடும்" என்பார். ஒரு தடவை யாரோ ஊறுகாய் டப்பாவை மண் காய்கிற மேசையில் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றிருந்த விவசாயிகள் இரண்டு பேர் தங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான்தான் பின்னால் ஓடிப்போய் அழைத்து வந்தேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. முடிவுகளை எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டு போனால் உடனே போட மாட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதை வாங்கிட்டுப் போறவர் நாளைக்குக் காலையில என்ன செய்வாரு?" என்று கேட்பார். தழைச்சத்து குறைவு, மணிச்சத்து மத்திமம், சாம்பல் சத்து போதுமானது என்று ஒப்பித்தால் பேனா மூடிக்கொள்ளும். என்ன உரம், எவ்வளவு, விதைக்கும் முன்னாலா பின்னாலா, செடிக்கு எவ்வளவு தள்ளி என்று சொன்னால்தான் கையெழுத்து விழும். ஆரம்பத்தில் அந்தக் கேள்விக்குப் பயந்து மதியச் சாப்பாடு இறங்காது. பிறகு அதுவே எனக்கும் தொற்றிக்கொண்டது. இப்போது என் கணவர் டாக்டரிடம் போய்விட்டு வந்தால் நானும் அதையேதான் கேட்கிறேன், அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.

எங்களிடம் மண் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை ஒரு தேர்வு என்றே நினைத்தார்கள். பாரிவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பை நிறையக் கறுகறுவென்று மண் கொண்டு வந்தார். பரிசோதித்தால் ஒரு சத்தும் குறையவில்லை, எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. சார் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஐயா, இது எங்க எடுத்தது?"

"மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால சார். அங்கதான் மண்ணு ஜோரா கீது."

"நீங்க சோளம் போடப் போறது கொட்டாயிலயா?"

"இல்ல சார், அது கயனில. அந்த மண்ண எட்த்தாந்தா நீங்க ஃபெயில் பண்ணிட்டா இன்னா பண்றதுன்னுதான்."

சார் சிரிக்கவில்லை. நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று சிரித்துவிட்டு வந்தேன். இன்னொருவர் யூரியா வந்த சாக்கில் மண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய நிலத்தில் இனி அடுத்த தலைமுறை வரை தழைச்சத்தே போட வேண்டாம் என்கிற மாதிரி முடிவு வந்தது. இப்படி வருகிற மண்ணை எல்லாம் திருப்பி அனுப்பி, புதிதாக எடுத்து வரச் சொல்வதே எங்களுக்குப் பாதி வேலை.

மண் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வரப்போரம், வாய்க்காலோரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். வயலில் கோணல் மாணலாக நடந்து பல இடங்களில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் இரண்டு பக்கமும் சரிவாக வெட்டிக் குழி போட வேண்டும். பிறகு குழியின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் சீவ வேண்டும். எல்லாச் சீவலையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலக்கி, விரித்துப் பரப்பி, நாலு பங்காகக் கோடு கிழிக்க வேண்டும். எதிரெதிர்ப் பங்கு இரண்டை வீசிவிட்டு மிச்சத்தை மறுபடி கலக்க வேண்டும். அரைக் கிலோ மிஞ்சுகிற வரை இதையே செய்ய வேண்டும். பிறகு நிழலில் காய வைத்து, மரச் சுத்தியலால் தட்டி, சலித்து, துணிப்பையில் கட்டினால் அந்தப் பை முழு வயலுக்காகவும் பேசும்.

இதை எல்லாம் சார் ஒரு நாள் ஒரு கணவன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி பெயர் கன்னியம்மா. கணவர் ஏழுமலை ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கன்னியம்மா அங்கேயே ஊழியர் குடியிருப்பில் வீட்டு வேலை செய்து வந்தவர். இரண்டு பேரின் பெற்றோரும் வெள்ளானூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். கன்னியம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் அதே நிலங்களில் குனிந்தவர்தான். இப்போது பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, அதே ஊரில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பேசியிருந்தார். நெல் அறுத்த நிலம். அதில் மக்காச்சோளம் போட்டுப் பச்சைக் கதிராக விற்கலாம் என்று திட்டம்.

அந்த நிலத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மனை போட்டாகிவிட்டது. நான்காவது பக்கமும் மனையாகட்டும் என்று நிலத்துக்காரரிடம் ஆள் வந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அண்ணா நகரில் இருக்கிற வயதானவர். "ஒரு போகம் போட்டுப் பாரு. பயிர் வந்தா மேற்கொண்டு பேசலாம், வரலேன்னா மனைக்கு விட்டுடறேன்" என்று கன்னியம்மாவிடம் சொல்லியிருந்தார்.

"இத்தினி வருசமா அவங்க இன்னா நடச் சொன்னாங்களோ அத்த நட்டோம் மேடம்" என்று கன்னியம்மா என்னிடம் சொன்னார். "நாமளா ஒரு தபா வெதைச்சி அறுக்கணும். எனக்கு ஒரு தபாதான் சான்ஸு. மண்ணு இன்னா கேக்குதுன்னு கரீட்டா பாத்து சொல்லிடுங்க."

சார் குழி வெட்டுகிற விதத்தைச் சொல்லச் சொல்ல ஏழுமலை கண்ணைப் பாதி மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இன்னா சார் இது, ஒரு குயி ஒரு ஆழம், இன்னொரு குயி ஒரு ஆழம்னு வந்துடாதா?" என்று கேட்டார்.

"வரும். அதனாலதான் கவனமா வெட்டணும்."

"கவனம்லாம் வேலைக்கு ஆவாது சார். கொஞ்சம் டைம் குடுங்க, நான் ஒண்ணு பண்ணிகினு வரேன்" என்று மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது மண் பையோடு, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு நீளமான சாமான்களும் வந்தன. பிரித்தால் பளபளவென்று இரண்டு குழாய்கள். வீட்டில் மோட்டார் போட்டபோது மிஞ்சிய ஜி.ஐ. பைப்பை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நண்பரின் பட்டறையில் வைத்து அறுத்துச் செய்திருக்கிறார். மேலே பிடித்துத் திருக ஒரு குறுக்குக் கைப்பிடி. கீழ் விளிம்பில் வரிசையாகப் பல் வெட்டி, ஒரு பிசிறு இல்லாமல் அரம் போட்டிருந்தார். பக்கவாட்டில் நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியே உள்ளே நிற்கிற மண்ணைப் பார்க்கலாம், கட்டைவிரலால் தள்ளி எடுக்கலாம். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் சுற்றிலும் ஒரு வளையம். வளையம் தரையைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

"ஒண்ணு எங்க நெலத்துக்கு. ஒண்ணு உங்களுக்கு சார்" என்றார் ஏழுமலை.

சார் உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்துதான் அதை வாங்கினார். வாங்கியவர் கீழே வைக்கவில்லை. ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குப் போய்க் குத்தித் திருகி எடுத்தார். எடுத்த மண் அளவெடுத்த மாதிரி வந்தது. மறுபடி குத்தினார். எங்களையும் கூப்பிட்டுக் குத்தச் சொன்னார். சரிவுக் குழியும் சீவலும் போட்டு முதுகு உடைந்த எங்களுக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது. அந்த வாரமே பாரிவாக்கம் சுற்றுக்கு அந்தக் குழாயோடுதான் போனோம். வழக்கமாக ஒரு வயல் முடிக்கிற நேரத்தில் நாலு வயல் முடித்தோம். சார் வண்டியில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் கிண்டல் செய்தேன், அவர் கண்டுகொள்ளவில்லை.

கன்னியம்மா கொண்டு வந்த மண்ணின் முடிவும் வந்தது. தழைச்சத்து குறைவு. நெல்லுக்குப் போட்டது தங்கியதால் மணிச்சத்து அதிகம். சாம்பல் சத்து மத்திமம். துத்தநாகம், அதாவது கடைகளில் ஜிங்க் என்று சொல்வார்களே அது, தாராளம். மக்காச்சோளம் ஜிங்க் இல்லாமல் வராத பயிர். அதனால் விதைக்கும்போதே ஜிங்க் சல்பேட் போடச் சொல்வது எங்கள் வழக்கம். சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய கேள்வியைக் கேட்டார். "ஜிங்க் செலவு இவங்களுக்கு வேண்டாம் சார், மண்ணுலயே இருக்கு" என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். கையெழுத்து உடனே விழுந்தது.

தை மாதம் விதைத்தார்கள். மாசி பிறந்ததும் ஒரு காலையில் கன்னியம்மா தனியாக வந்தார். ஈரச் சாக்கில் வேரோடு பிடுங்கிய சோளச் செடி இரண்டு. முழங்கால் உயரம் கூட வரவில்லை. அடி இலைகள் பச்சையாக இருந்தன. புதிதாக வந்த இலைகளில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் அகலமாக வெள்ளைப் பட்டை. உள்ளே சுருண்டிருந்த குருத்து வெளுத்துக் கிடந்தது.

"வயலு முச்சூடும் இப்டித்தான் மேடம் கீது" என்றார். "பக்கத்துல ஊடு கட்றாங்கள்ல, அந்த சிமிட்டித் தண்ணி எறங்கி மண்ணு செத்துப்போச்சின்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நெலத்துக்கார ஐயாவுக்கும் யாரோ சொல்லிட்டாங்க. கதிரு வர்ற நேரத்துக்கு வந்து பாக்கறேன்னு சொல்லிகினு கீறாரு. மண்ணு செத்துப்போனா மனைதான மேடம்." அவர் அழவில்லை. சாக்கை மடித்து மடித்து விரித்துக்கொண்டே இருந்தார்.

சார் செடியை வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். "தழைச்சத்து இல்லேன்னா கீழ் இலை நுனியிலேருந்து மஞ்சளாகும், இது கீழ நல்லா இருக்கு. இரும்புச்சத்து இல்லேன்னா இலை முழு நீளத்துக்கும் மெலிசு மெலிசா கோடு விழும், இது பட்டையா விழுந்திருக்கு, அதுவும் இலையோட அடிப்பாதியில. இது வெள்ளைக் குருத்து எஸ்தர். ஜிங்க் இல்லாத சோளம்" என்றார். நான் மண் முடிவை எடுத்துக் காட்டினேன். தாராளம் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

எடுத்து வைத்திருந்த மண்ணை மறுபடி பரிசோதித்தோம். மறுபடியும் தாராளம். கருவியில் கோளாறோ என்று தெரிந்த அளவுக் கரைசல்களை வைத்துச் சரிபார்த்தோம், கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. சார் ஊறுகாய் டப்பா சத்தத்தைவிடப் பெரிய சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த மண் பையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அது சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

கடைசியில், "நாலு வரிசைக்கு மட்டும் ஜிங்க் தெளிக்கச் சொல்லு. செடி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். நீ போய் அவங்க மண் எடுத்த விதத்தை ஒரு தடவை உன் கண்ணால பார்த்துட்டு வா" என்றார்.

நான் வெள்ளானூருக்குப் போன அன்று ஏழுமலைக்கு விடுமுறை. தெளித்த வரிசைகளில் குருத்து அப்போதுதான் நிறம் மாறுகிற மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மண்ணை எங்கெங்கே எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஏழுமலை ஓடிப்போய்த் தன் குழாயைக் கொண்டு வந்தார். வரப்பை விட்டு, வாய்க்காலை விட்டு, கோணல் மாணலாக நடந்து, குத்தித் திருகிக் காட்டினார். சார் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. நான் குழாயை வாங்கிப் பார்த்தேன். மேல் பாதி புதிதாகப் பளபளத்தது. கீழே பல் வெட்டின இடமும் உள்பக்கமும் கறுத்துப் போய் வெறும் இரும்பாகத் தெரிந்தது.

"மேல இருக்கிற பளபளப்பு கீழ மட்டும் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"தேஞ்சிடுச்சி மேடம். மண்ணுல குத்திக் குத்தி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். குழாயை என் கையிலிருந்து வாங்கினார். கறுத்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். உலோகத்தோடு வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர், எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இரும்பு துருப் புடிக்காம இருக்க மேல ஒண்ணு பூசுவாங்க மேடம். அது ஜிங்க்தான்" என்றார் மெதுவாக.

 தேய்ந்த பூச்சு எல்லாம் மண் பைக்குள் போய், அந்த மண்ணின் சத்தாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. பைக்குள் இருந்த ஜிங்க் வயலில் இல்லாததால் பயிர் வெளுத்திருக்கிறது. எங்களுக்குக் கொடுத்த குழாயும் இதேதான். பாரிவாக்கத்தில் எடுத்த எல்லா வயலிலும் ஜிங்க் தாராளம் என்று எழுதி நாங்கள் சந்தோஷப்பட்டது எனக்கு ஞாபகம் வந்தது. இட்லிப் பொடிக்குப் பயந்து கை கழுவுகிற மனிதர் மடியில் வைத்துக் கொஞ்சின குழாய்.

ஏழுமலை தலை நிமிரவில்லை. "நான்தான் கெடுத்துட்டேன் கன்னி. நான் பண்ணதாலதான்" என்றார்.

கன்னியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ மண்ணு சாவலியா மேடம்?" என்று கேட்டார்.

"மண்ணு நல்லா இருக்கு. ஜிங்க் மட்டும்தான் இல்ல. குடுத்தா வந்துடும்."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். "யோவ், ஊர்ல எல்லாரும் மண்ணு மேல பழி போட்டுகினு கீறானுங்க. கடசீல பாத்தா உன் கொயா மேலதான் குத்தமாய்யா. இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் இத்தினி நாளு சோறு துன்னிருப்பேனே" என்றார். ஏழுமலையும் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஒரு வயல் வெளுத்துக் கிடக்க, நடுவில் மூன்று பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மனையில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

மூங்கில் பட்டையும் பிளாஸ்டிக் வாளியும் வைத்துப் புதிதாக மண் எடுத்துக்கொண்டு வந்தேன். ஜிங்க் குறைவு, மிகக் குறைவு. எங்களிடம் இருந்த குழாயைச் சுத்தமாகக் கழுவிய மணலில் குத்தி அந்த மணலையும் பரிசோதித்தோம். மணலில் ஜிங்க் தாராளம். சார் அதைப் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்து மேசை மேல் படுக்க வைத்தார். "என்ன அழகா செஞ்சிருக்கான் பாரு" என்றார். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னார்.

பிறகு பாரிவாக்கம் முழுக்கச் சுற்றி வந்தோம். மற்றவர்கள் இன்னும் விதைக்கவில்லை, அது எங்கள் நல்ல நேரம். சார் வீடு வீடாகத் தானே போய்ச் சொன்னார். மாட்டுக் கொட்டாய்ப் பெரியவர் வாசலிலேயே மடக்கினார். "போன மாசம் ஜிங்க் ஜாஸ்தின்னீங்க. அதுக்குள்ள எங்க சார் போச்சி?"

"உங்க மண்ணுல இல்லைங்க, எங்க குழாயில இருந்துச்சு."

"அப்போ இந்த தபா ஃபெயிலானது நீங்களா சார்?"

"ஆமாங்க" என்றார் சார். பெரியவர் மிகுந்த திருப்தியோடு எங்களுக்கு மோர் கொடுத்தார்.

வெள்ளானூரில் வயல் முழுக்க ஜிங்க் தெளித்தார்கள். ஜிங்க் சல்பேட்டைத் தனியாகக் கரைத்து, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்துத் தெளிய வைத்து, இரண்டையும் கலந்து வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இலை கருகும். கன்னியம்மா கலக்க, ஏழுமலை முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு தெளித்தார். சில நாள் விட்டு மறுபடியும் தெளித்தார்கள். வெளுத்த இலை வெளுத்தபடியே இருந்தது. ஆனால் அதற்கு மேலே வந்த ஒவ்வொரு இலையும் பச்சையாக, அகலமாக விரிந்தது. சார் வயலில் குந்தி உட்கார்ந்து அந்த இலையைத் தடவிப் பார்த்தார். முதன்முறையாக, கை கழுவ மறந்துபோனார்.

ஏழுமலை சும்மா இருக்கவில்லை. எவர்சில்வரில் புதிதாக ஒரு குழாய் செய்து, ஒரு பொட்டலம் கழுவின மணலோடு ஆய்வகத்துக்கு வந்தார். "மொதல்ல இதுக்கு டெஸ்ட் போடுங்க. பாஸ் ஆனாத்தான் குடுப்பேன்" என்றார். சாயங்காலம் வரை எங்கள் வாசல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். மணலில் ஜிங்க் இல்லை என்று நான் வந்து சொன்னதும் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மகள் பரிசு வாங்கியதைப் பார்த்த அப்பா மாதிரி எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டுப் போனார்.

சித்திரையில் கதிர் ஒடித்தார்கள். வெள்ளைக் குருத்தில் பின்தங்கியதால் ஓரத்து வரிசைகள் கொஞ்சம் குட்டைதான். நடு வயல் ஆள் உயரத்துக்கு நின்றது. எங்களையும் வரச் சொல்லியிருந்தார் கன்னியம்மா. நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. நிலத்துக்காரர் கைத்தடியோடு இறங்கினார். வரப்பில் நின்று வயலை வெகு நேரம் பார்த்தார். கன்னியம்மா அங்கேயே சுட்டு வைத்திருந்த கதிர் ஒன்றைச் சாம்பலைத் தட்டிவிட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சின்ன வயதில் இதே வரப்பில் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஏழுமலை இன்னும் ஓரமாக நின்றார். 

நிலத்துக்காரர் ஒரு கடி கடித்தார். சாரைப் பார்த்து, "மண்ணு செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே சார். இது இனிமே தேறுமா?" என்று கேட்டார்.

சாருக்கு மண்ணைப் பற்றி யாராவது கேட்டால் போதும், பேச்சை நிறுத்தவே முடியாது. அன்றைக்கு வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "பயிர் வச்சவங்க அவங்க. அவங்களைக் கேளுங்க" என்று கன்னியம்மாவைக் காட்டினார்.

கன்னியம்மா ஒரு நொடி தயங்கினார். பிறகு கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, "ஜிங்க் ஒண்ணுதான் கம்மியா இருந்திச்சி ஐயா, குடுத்துட்டேன்" என்றார். "மணிச்சத்து நெறைய கீது, அடுத்த தபா கம்மியா போட்டா போதும். தழைச்சத்து அப்பப்போ கேக்கும். மத்தபடி எம் மண்ணுல ஒரு கொறையும் கெடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை வேறு பக்கம் பார்த்தார். நிலத்துக்காரர் மென்றுகொண்டிருந்தார். அவர் மென்று முடிக்கிற வரை நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி" என்றார் அவர். "உன் மண்ணுக்கு அடுத்த போகம் என்ன போடப் போற?"

கன்னியம்மா வயலை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு தடவை பார்த்தார்.

"யோசிச்சி சொல்றேன் ஐயா" என்றார்.